மஞ்சள் விளக்கு மினுக்கும் வரை

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், கோயம்புத்தூருக்குக் கிளம்பிய அமராவதியின் காரில் செக் என்ஜின் லைட் மினுக்க ஆரம்பித்தது. வண்டி இப்படிக் குலுங்குகிறதே என்று அவள் எங்கள் பட்டறை வீதியில் ஓரங்கட்டி நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கி, சாத்திவிட்டுத் திரும்பியபோது, மறுபடியும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சீட் பெல்ட் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் பூஜை வேலையில் தூக்கம் கெட்டதால் வந்த கிறுகிறுப்பு என்று நினைத்து இன்னொரு தரம் இறங்கினாள், இன்னொரு தரம் உட்கார்ந்திருந்தாள். இடது பக்கக் கதவு வழியாக இறங்கிப் பார்த்தாள், பின்கதவு வழியாக இறங்கிப் பார்த்தாள், கடைசியில் நாற்பத்து மூன்று வயதில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கைகளைத் தரையில் ஊன்றி, வீதியே பார்க்க ஊர்ந்து வெளியே விழுந்தாள். விழுந்த வேகத்தில் பெல்ட்டும் தானுமாக உள்ளே இருந்தாள். உள்ளங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட அந்தச் சின்ன மஞ்சள் விளக்கு, சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் மினுக் மினுக்கென்று மினுக்கிக்கொண்டே இருந்தது.

குன்னமேட்டுப் பட்டறை வீதிக்காரர்களுக்கு வண்டிகள் செய்கிற சேட்டை ஒன்றும் புதிதல்ல. ஈரோட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில், பைபாஸை ஒட்டிக் கிடக்கும் இந்த ஒற்றை வீதியில் டிங்கரிங், வெல்டிங், பஞ்சர், பெயிண்டிங், வாட்டர் சர்வீஸ் என்று வீட்டுக்கு வீடு பட்டறைதான். முதலாளியின் பெயரைச் சொல்லித் திட்டினால் மட்டும் ஸ்டார்ட் ஆகிற லாரியைப் பார்த்திருக்கிறோம், கல்யாண மண்டபத்தைத் தாண்டும்போதெல்லாம் தானாக ஆரன் அடித்து அழுத வேனைப் பார்த்திருக்கிறோம், அதையெல்லாம் கழற்றி மாட்டி அனுப்பியும் வைத்திருக்கிறோம். அதனால் காரை விட்டு இறங்க முடியவில்லை என்று அமராவதி சொன்னபோது ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. வண்டியில் என்ன கம்ப்ளெயிண்ட் என்றுதான் கேட்டோம்.

பெண்கள் மட்டும் வேறொன்றைக் கேட்டார்கள். டீக்கடை மாராத்தாள், எல்லாருக்கும் மாராக்கா, ஜன்னலுக்குள் தலையை விட்டுக் காதோரமாகக் கேட்டாள். பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, ஆனால் அந்த அவசரம் மட்டும் வரவேயில்லை என்று அமராவதி சொன்னாள். "அப்பாடா, அது ஒண்ணு இல்லீன்னாப் போதும் அம்மிணி, பொம்பள எத்தன நாளைக்கி வேணா உக்காந்துக்கலாம்" என்று மாராக்கா நிம்மதியாகத் தலையை வெளியே எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அமராவதி எங்கள் வீதியில் வெகுகாலமாகக் கால் டாக்ஸி ஓட்டியவள். கல்யாணத்துக்கு, கருமாதிக்கு, ஏர்போர்ட்டுக்கு என்று எங்களில் பாதிப் பேரை அவள்தான் ஏற்றி இறக்கியிருக்கிறாள். பெண்களுக்கென்றே கோயம்புத்தூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ரெஜினா மேடம் என்பவர் ஒருமுறை அவள் காரில் போய், அவள் கியர் மாற்றுகிற அழகைப் பார்த்துவிட்டு, நீ வந்து சொல்லிக்கொடு, ஸ்கூலுக்குப் பின்னாலேயே ஒரு ரூம் இருக்கிறது, தங்கிக்கொள் என்று கூப்பிட்டிருந்தார். விஜயதசமி நல்ல நாள், அன்றைக்கே வந்து சேருகிறேன் என்று சொல்லித்தான் அவள் கிளம்பினாள். பின்சீட்டில் ஒரு பையில் அவளுடைய நாலு சேலையும் லைசென்சும் இருந்தன. வாழ்க்கையில் முதல்தரமாக, திரும்பி வருகிற சவாரி இல்லாமல் அவள் வண்டியை எடுத்திருந்தாள்.

அவள் புருஷன் சென்னியப்பன், வீதிக் கடைசியில் இருக்கும் வாட்டர் சர்வீசில் வேலை செய்கிறவர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை, குடி கிடையாது, பீடி கிடையாது, காலையில் பெண்டாட்டிக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். பிள்ளை இல்லை, அதைப் பற்றிப் பேசுவதை இருவரும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஒரு காரியத்தையும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. மகளிர் குழுவோடு கன்னியாகுமரி போகிறேன் என்றபோது "போய்ட்டு வா அம்மிணி, எனக்கென்ன" என்றார், சொல்லும்போதே இருமினார், வேன் கிளம்பும் நேரத்தில் காய்ச்சல் கண்டுவிட்டது. ஊட்டிச் சவாரியில் ஒரு ராத்திரி தங்க நேர்ந்தபோது அவருக்கு நெஞ்சு படபடத்து, அவள் பாதி வழியில் திரும்பி வந்தாள். கோயம்புத்தூர் வேலைக்கும் "போய்ட்டு வா அம்மிணி" என்றுதான் சொன்னார். ஆயுத பூஜையன்று அவளுடைய காரைத் தானே குளிப்பாட்டி, பூஜைக்கு வண்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று பானட்டைத் திறந்து என்ஜினுக்கும் சேர்த்துத் தண்ணீர் பீய்ச்சி, துடைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்தார். எங்கள் பெண்கள் தங்கள் புருஷன்மார்களைத் திட்டுவதற்கு எப்போதும் சென்னியப்பனைத்தான் எடுத்துக்காட்டுவார்கள்.

வண்டியைப் பார்க்க வந்தவன் ஐசக். வீதியில் ஸ்கேனர் மெஷின் வைத்திருப்பவன் அவன் ஒருத்தன்தான். ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒயரைச் செருகி, திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"மூணாவது சிலிண்டர் மிஸ் அடிக்குதுங்க்கா. மூணு வேலை செய்யறாங்க, ஒருத்தன் சும்மா உக்காந்திருக்கறான்."

"லைட்டு ஏன் தம்பி மினுக்குது?"

"சும்மா எரிஞ்சுட்டே இருந்தாப் பரவால்லீங்க்கா, மெதுவாப் பாத்துக்கலாம். மினுக்குச்சுன்னா நிறுத்திப் போடுன்னு அர்த்தம். எரியாத பெட்ரோலு சைலன்சருக்குள்ள போயி அங்க எரியும். உள்ள இருக்கற கன்வர்ட்டர் உருகிரும். அப்பறம் என்ஜினும் போயிரும். இதோட ஓட்டுனீங்கன்னா வண்டிக்கே சாவுதான்."

"வண்டி செத்தா நான் எறங்கலாமா?"

ஐசக் திரையை இன்னொரு தரம் பார்த்தான். "அது தெரியலீங்க்கா. வண்டி செத்தாலும் லைட்டு மினுக்கிட்டே இருந்துச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்றான். அமராவதி பைபாஸ் பக்கம் பார்த்தாள். கோயம்புத்தூர் வரைக்கும் வண்டியை எப்படியாவது ஓட்டிக்கொண்டு போனாலும், இறங்க முடியாதவள் அங்கே போய் யாருக்கு என்ன சொல்லித் தர முடியும்?

ஐசக் மெஷினில் ஒரு பொத்தானை அழுத்திக் கோளாறை அழித்தான். விளக்கு அணைந்தது. அமராவதி தானே கதவைத் திறந்து, இரண்டு காலையும் ரோட்டில் வைத்து, எழுந்து நின்றாள்; காற்று அவள் முந்தானையை அசைத்தது, அவள் முதுகை நிமிர்த்திப் பெருமூச்சு விட்டாள், மாராக்கா கையைத் தட்டப் போனாள், அதற்குள் ஓடிக்கொண்டிருந்த என்ஜின் ஒரு துடிப்பைத் தவறவிட்டது, விளக்கு மினுக்கியது, அமராவதி பெல்ட்டுக்குள் இருந்தாள். பேருக்கு அழித்தால் போதாது, உள்ளே இருக்கிற கோளாறே போகவேண்டும் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் விளங்கிற்று.

ஐசக் பெட்ரோலை மாற்றினான், ஏர் ஃபில்டரை மாற்றினான், பேட்டரியைக் கழற்றி மாட்டினான், கீழே படுத்துக்கொண்டு சென்சார் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தான், ஒயரில் எலி கடித்திருக்குமோ என்று விரல் விரலாகத் தடவிப் பார்த்தான். என்ஜினின் மேல்மூடியை மட்டும் அவன் தொடவில்லை. அந்த மூடிக்கு அடியில்தான் பிளக்கும், அதற்கு மின்சாரம் கொடுக்கிற காயிலும் இருக்கின்றன. ஆனால் மூடியைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டுத் தலையிலும் சென்னியப்பன் வைத்த சந்தனப் பொட்டு கனமாக அப்பியிருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டை எங்கள் வீதியில் யாரும் துடைக்க மாட்டோம். அது தானாகக் காய்ந்து தானாக உதிர வேண்டும். அதுவரைக்கும் பொட்டு வைத்த ஸ்பானரைக்கூட மறுமுனையால்தான் பிடிப்போம். பொட்டைத் துடைத்துவிட்டு லேத்தை ஓட்டிய ஒருத்தருக்கு விரல் போன கதையை, அவர் யார் என்று தெரியாமலேயே எல்லாரும் சொல்லுவோம்.

"நான் அல்லேலூயாக்காரன்ங்க்கா. நான் துடைச்சேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாது. உங்காளுக யாராச்சும் துடைச்சுக் குடுங்க, நான் கழட்டறேன்" என்றான் ஐசக். உங்காளுக ஒருத்தரும் முன்னால் வரவில்லை. சென்னியப்பன் கையைக் கூப்பிக்கொண்டு, "சாமி காரியம் ஐசக்கு. தானா உதுந்துரும், அது வரைக்கும் பொறுத்துக்கலாம்" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். பானட்டை மூடவும் மனசில்லாமல், பொட்டுக்குக் காற்றுப் பட்டால் சீக்கிரம் உதிருமே என்று கம்பி கொடுத்துத் தூக்கியபடியே விட்டுவைத்தோம். அதனால் அமராவதிக்கு முன்பக்கம் ரோடு தெரியவில்லை. நாள் முழுக்க அவள் பார்த்துக்கொண்டிருந்தது தன் காரின் பானட்டுத் தகரத்தைத்தான்.

பொறுத்துக்கொள்வதில் எங்கள் வீதியை யாரும் மிஞ்ச முடியாது, அதுவும் இன்னொருத்தர் கஷ்டத்தை. இரண்டு நாளில் காருக்கு மேலே ஒரு தார்ப்பாய் கட்டினோம். ரேஷன் கடைக்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாக அவள் கைரேகையை வாங்கிப் போனார். நோ பார்க்கிங் என்று சத்தம் போட வந்த போலீஸ்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, காரைச் சுற்றி மஞ்சள் பெயிண்டில் கட்டம் போடச் சொன்னார், போட்டோம். தூங்காமல் அழுகிற குழந்தைகளை அந்த விளக்குக்கு நேராகப் பிடித்தால் கண் சொக்கிவிடும் என்று யாரோ கண்டுபிடித்து, சாயங்காலமானால் இடுப்பில் குழந்தையோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். மாரியம்மன் ஊர்வலம் அவள் ஜன்னலருகே நின்று திருநீறு கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தது.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் பின்சீட்டு. முதலில் போனவள் மாராக்காதான். காலை நீட்டிக் கொஞ்சம் உட்காரலாம் என்று போனவள், மருமகளைப் பற்றி ஆரம்பித்து, மத்தியானம் வரைக்கும் பேசிவிட்டு, முகம் கழுவின மாதிரி இறங்கி வந்தாள். அடுத்த நாள் பெயிண்டர் போனார், அவருடைய தம்பி செய்த துரோகத்தைச் சொல்ல. பிறகு வெல்டிங்காரர், பிறகு பள்ளிக்கூடத்து டீச்சர், பிறகு பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள். எங்கள் ஊரில் ஒருத்தரிடம் குறையைச் சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு அடுப்பில் பால் பொங்கும், பஸ் வந்துவிடும், போன் அடிக்கும். அமராவதிக்கு எதுவும் வராது. அவளால் எழுந்து போக முடியாது என்கிற அந்த ஒன்றுக்காகவே மனசில் கிடந்ததையெல்லாம் கொண்டுவந்து அவள் முதுகுக்குப் பின்னால் கொட்டினார்கள். அவள் கண்ணாடியில் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உம் கொட்டுவாள். ஆரம்பத்தில் உண்மையாகவே கேட்டாள்; போகப்போக, யாருடைய மாமியார் யாருடைய மருமகள் என்பதெல்லாம் கலங்கிப்போய், காதில் விழுவது மனுஷக் குரலா லாரிச் சத்தமா என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஒருநாள் அவளாகவே, "எனக்கு மூச்சு முட்டுதுங்கக்கா" என்று சொன்னாள். மாராக்கா எட்டி அந்தப் பக்கத்து ஜன்னலையும் இறக்கிவிட்டாள்.

சென்னியப்பன் மூன்று வேளையும் தூக்குப்போசியோடு வந்தார். இட்லியை அவரே பிட்டு, சட்னியில் தொட்டு, ஜன்னல் வழியாக நீட்டினார். ஒவ்வொரு நாளும் விடியும் நேரத்தில், அவள் கண்ணயர்ந்திருக்கும்போதே வந்து காரைத் துணியால் துடைத்தார். "இப்படி ஒரு புருஷன் எத்தன ஜென்மத்துக்குக் கெடைப்பான்" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவர் முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. இருமல் நின்றிருந்தது. கல்யாணமான புதிதில்கூட அவரை அத்தனை சந்தோஷமாகப் பார்த்த ஞாபகம் அமராவதிக்கு இல்லை, அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

ரெஜினா மேடம் போன் செய்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "என்னம்மா, ஒரு காருக்குள்ள இருந்து இறங்க முடியலன்னா எப்படி?" என்றார், கோயம்புத்தூர்க்காரர், அவருக்கு இதெல்லாம் பழக்கமில்லை. தீபாவளி கழிந்த திங்கட்கிழமை காலையில் புது பேட்ச் ஆரம்பிக்கிறது, அதற்குள் வந்தால் வா, இல்லையென்றால் வேறு ஒரு பெண் காத்திருக்கிறாள், என் நிலைமையையும் யோசித்துப் பார் என்று வைத்துவிட்டார். பொட்டு அதற்குள் உதிர்ந்துவிடும் என்று அமராவதி நம்பினாள். எங்கள் பட்டறைகளில் மற்ற பொட்டுகளெல்லாம் உதிர ஆரம்பித்திருந்தன. லேத்தில் உதிர்ந்தது, காற்றடிக்கிற கம்ப்ரெசரில் உதிர்ந்தது, மாராக்காவின் பாய்லரில் வைத்தது என்றைக்கோ உதிர்ந்துபோனது. தினமும் காலையில் யாராவது வந்து பானட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். "அப்படியேதான் இருக்குது அம்மிணி, இன்னிக்கு வெச்ச மாதிரி" என்பார்கள். தெய்வத்தின் மனசில் என்ன இருக்கிறதோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள்.

தீபாவளியும் வந்து போனது. பட்டாசுப் பொறி பட்டுவிடக் கூடாது என்று காருக்கு ஈரச்சாக்கு போர்த்தினோம். அவளுக்குப் புதுச் சேலை எடுத்து வந்த சென்னியப்பன், அதைக் கட்டிக்கொள்ள வழியில்லாததால் மடியில் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் இட்லியைப் பிட்டு நீட்டியபோது அமராவதி வாயைத் திறக்கவில்லை. அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோதிர விரல் நகக்கண்ணில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது, இன்னும் ஈரமாக.

"ஏனுங்க, கையக் காட்டுங்க."

"சட்னி அம்மிணி."

"காட்டுங்க." அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். "சந்தன வாடை இத்தன நாளாப் போகலயே, போகலயேன்னு நெனச்சுட்டே இருந்தனுங்க. நீங்கதான் தெனமும் புதுசு வெக்கறீங்களா?"

சென்னியப்பன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். அவருக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லாமல் இருப்பது மட்டும்தான். தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"வேணும்னு பண்ணுல அம்மிணி. பூஜைக்குன்னுதான் என்ஜினுக்குத் தண்ணி பீச்சுனேன். மேல்மூடி இடுக்குல உள்ள போயிருக்கும்னு மறுநாளு ஐசக்கு மூணாவது சிலிண்டருங்கறப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"அப்பறம் ஏனுங்க சொல்லுல?"

"சொல்லோணும்னுதான் இருந்தேன். மத்தியானம் சோறு கொண்டாந்தேன், நீ தின்ன. ராத்திரி வந்து பாத்தேன், இருந்த. காத்தால வந்தேன், அப்பவும் இருந்த. எனக்கு நெஞ்சு படபடப்பே வருல அம்மிணி. நீ எங்கயும் போயிர மாட்டீங்கற நெனப்புலயே வயிறு நெறஞ்சு போச்சு. ஒரு நாளு இருக்கட்டும், இன்னொரு நாளு இருக்கட்டும்னு..."

"நாளைக்குத் திங்கக்கெழம."

"தெரியும் அம்மிணி."

"தொடைங்க."

அவர் ஜன்னல் விளிம்பை விடவில்லை. இதற்குள் வீதி கூடிவிட்டது. சென்னியப்பன் செய்தது சரியென்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் வைத்த பொட்டு வைத்ததுதானே, யார் வைத்தாலும் சாமிக்கு வைத்ததுதானே என்று பெயிண்டர் ஆரம்பித்தார். இத்தனை நாள் பொறுத்தாயிற்று, கார்த்திகை கழியட்டுமே என்றார் வெல்டிங்காரர். மாராக்காவோ, "உனக்கு இங்க என்ன அம்மிணி கொறச்சல்? அங்க போனா நீயேதான் சமைச்சுத் திங்கோணும்" என்றாள், சொல்லிவிட்டு, மருமகள் பேச்சை இனி எங்கே போய்ப் பேசுவது என்கிற கவலையில் அவளுக்கே கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் பொறு, சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று சென்னியப்பனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

அமராவதி சாவியைத் திருப்பினாள். என்ஜின் குலுங்கி எழுந்தது. அவள் கியரில் போடவில்லை. ஆக்சிலேட்டரை மட்டும் மிதித்தாள், மிதித்த காலை எடுக்காமல் இன்னும் மிதித்தாள். கார் ஜன்னி கண்டதுபோல் நடுங்கியது, விளக்கு வெறிபிடித்து மினுக்கியது, பச்சைப் பெட்ரோல் நாற்றம் வீதி முழுக்கப் பரவியது, அதற்குப் பின்னால் இரும்பு கருகுகிற ஒரு நாற்றமும் வந்தது. அடியிலிருந்து செக்கச்செவேலென்று ஒரு வெளிச்சம் மஞ்சள் கட்டத்தின்மேல் விழுந்தது. ஐசக் பட்டறையிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"அக்கா, விடுங்க்கா! உருகுதுங்க்கா! வண்டி செத்துப் போயிரும்!"

"சாகட்டும்."

"செத்தும் லைட்டு நிக்கலீன்னா? காலம்பூரா அதுக்குள்ளயே கெடப்பீங்களா?"

"இப்ப மட்டும் எங்க கெடக்கறேன்?" என்றாள் அமராவதி. அவள் குரல் உயரவில்லை, ஆனால் அந்த இரைச்சலிலும் எல்லாருக்கும் கேட்டது. "ஒண்ணு இது நிக்கட்டும். இல்ல எரியட்டும். உங்க எல்லாருத்தையும் கேட்டுக் கேட்டு என் காது செத்துப் போச்சு. நான் சொல்றத ஒரு தடவ கேளுங்க. எனக்கு எறங்கோணும்."

அவள் காலை எடுக்கவில்லை. சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் எதற்காகவாவது பல்லைக் கடித்து அவர் பார்த்ததில்லை; இந்தக் காருக்கு ஒரு கீறல் விழுந்தால் சோறு இறங்காதவள், அதை உயிரோடு கொளுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவருக்குக் காய்ச்சல் வரவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை, வந்திருந்தாலும் அன்றைக்கு யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் முன்பக்கம் போனார். பானட்டுக்குள் கையை விட்டு, நாலு போல்ட்டின் பொட்டையும், ஒன்றன்பின் ஒன்றாக, வெறும் உள்ளங்கையால் துடைத்தார். மூடி கொதித்துக்கொண்டிருந்ததால் அவர் கை பொரிந்தது. வீதி கன்னத்தில் போட்டுக்கொண்டது. வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லை.

என்ஜினை அணைத்துச் சூடு ஆறியதும் ஐசக் மூடியைக் கழற்றினான். மூன்றாவது பிளக்குக் குழிக்குள், பூஜையன்று பீய்ச்சிய தண்ணீர், கிணற்றடித் தொட்டித் தண்ணீர் மாதிரி அசையாமல் நின்றிருந்தது. அத்தனை சூட்டுக்கும் அது வற்றவில்லை, அதில் ஒரு துளி சந்தனம்கூட மிதந்துகொண்டிருந்தது. அவன் பஞ்சால் ஒற்றி எடுத்து, காற்றடித்துக் காய வைத்து, துருப்பிடித்த பிளக்கையும் கீறல் விட்டிருந்த காயிலையும் மாற்றி, மூடியைப் பூட்டினான். மெஷினை வைத்துக் கோளாறை அழித்தான். ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. அதற்காகவா இத்தனையும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க்கா."

என்ஜின் எழுந்தது. கன்வர்ட்டர் அடிபட்டிருந்ததில் சைலன்சர் லேசாகக் கரகரத்தது, ஆனால் நாலு துடிப்பும் நாலாகக் கேட்டன. விளக்கு அணைந்திருந்தது. அமராவதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், நாங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் பெல்ட்டை அவிழ்த்து, கதவைத் திறந்து, இறங்கி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கால் மரத்துப்போய்த் தடுமாறினாள், கதவைப் பிடித்துக்கொண்டாள், பிறகு அதையும் விட்டுவிட்டுத் தனியாக நின்றாள். சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"வா அம்மிணி, ஊட்டுக்குப் போயித் தலைக்குத் தண்ணி ஊத்திக்க. சுடுதண்ணி வெச்சுத் தாறேன்" என்றார் சென்னியப்பன், பொரிந்த கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஐசக்கிடம், "தம்பி, இவரு கைக்கு மருந்து போட்டு உடு" என்றாள். பிறகு பின்கதவைத் திறந்து தன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வண்டி?" என்றார் அவர்.

"அது இங்கயே இருக்கட்டுமுங்க. என்னால இனி அதுக்குள்ள உக்கார முடியாது."

"எனக்கு ஓட்டத் தெரியாதே அம்மிணி. ஊர்ல இருக்கற வண்டி பூராவும் கழுவறேன், ஒண்ணயும் ஓட்டத் தெரியாதே. நீ இல்லாம நான் எங்க போவேன்?"

"கத்துக்குங்க" என்றாள் அமராவதி. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் அத்தனை வருஷமாக இருந்த பிரியம் அவள் குரலில் அப்படியே இருந்தது, ஆனால் கால் நகர ஆரம்பித்திருந்தது. "கத்துக்கிட்டு நீங்களே ஓட்டிட்டு வாங்க. வந்தா, நான் அங்கதான் இருப்பேன்."

வீதி முனையில் கோயம்புத்தூர் பஸ் வந்து நின்றது. அவள் ஓடவில்லை, கால் இருக்கிறது என்பதையே புதிதாகத் தெரிந்துகொண்டவளாக, தரையை அழுத்தி அழுத்தி மிதித்து நடந்து போய் ஏறினாள். உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள் என்று பிறகு கண்டக்டர் சொன்னார்.

பஸ் போன பிறகு கூட்டம் மெல்லக் கலைந்தது. ஐசக் மருந்து தடவி, துணி சுற்றிவிட்டுப் பட்டறைக்குப் போனான். சென்னியப்பன் காரைச் சுற்றி வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சுற்றிய கையையும் நல்ல கையையும் ஸ்டீயரிங்கின்மேல் வைத்தார். என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது, டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை, பக்கத்தில் கதவு அகலத் திறந்து கிடந்தது. எந்தக் காலை எதன்மேல் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. மத்தியானம் மாராக்கா வந்து, "எறங்கி வாங்கண்ணா, சாப்பிடலாம்" என்று கூப்பிட்டாள். இறங்குவதற்கு அவருக்கு ஒரு தடையும் இல்லை. அவர் இறங்கவில்லை.